வடசென்னையிலிருந்து பன்னாட்டுப் பரிமாற்றத் திட்டத்துக்கு: சமூகப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப் பணியாளர்களுக்கான பன்னாட்டுப் பரிமாற்றத் திட்டம் என்பது, ஒரு நாட்டில் களத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் சில வாரங்கள் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள சமூகப் பணியாளர்களோடு அவர்களுடைய அலுவலகத்திலும் களத்திலும் உடனிருந்து பார்த்து, தம் ஊர் வேலையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லித் திரும்பும் ஏற்பாடாகும். இதில் பட்டம் கிடைக்காது; சம்பளமும் கிடையாது; அங்கேயே வேலை தேடிக்கொள்ளும் வழியாகவும் இதைக் கருதக் கூடாது. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் இளம் பணியாளர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் பயணச் செலவைப் பற்றியும் ஆங்கிலத்தைப் பற்றியுமே கேட்கிறார்கள். அவை இரண்டும் சமாளிக்கக்கூடியவை. போகிறவர் என்ன கேள்வியோடு போகிறார், தம் பகுதியைப் பற்றி எதைச் சொல்லப் போகிறார் என்ற இரண்டும்தான் பயணம் பயன்படுமா என்பதை முடிவு செய்கின்றன. ஆகையால் இக்கட்டுரை அவ்விரண்டுக்கும் கூடுதல் இடம் தருகிறது.

இவ்வகைத் திட்டங்களில் நீண்ட வரலாறு உடையது கவுன்சில் ஆஃப் இன்டர்நேஷனல் ஃபெலோஷிப், சுருக்கமாக சி.ஐ.எஃப். ஜெர்மனியில் பிறந்து, நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி ஒல்லெண்டார்ஃப் என்பவர் 1956இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் சமூகப் பணியாளர்களையும் இளைஞர் பணியாளர்களையும் ஒன்றாக வாழவும் கற்கவும் வைக்கும் நோக்கில் ஒரு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் பங்கேற்றுத் திரும்பியவர்கள் 1960இல் சேர்ந்து அமைத்ததே சி.ஐ.எஃப். இன்று பல நாடுகளில் இதற்குத் தேசியக் கிளைகள் உள்ளன, இந்தியாவிலும் உண்டு. பங்கேற்பவர்கள் பெரும்பாலும் விடுதியில் தங்குவதில்லை. உறுப்பினர்களும் அவர்களுடைய நண்பர்களும் தங்கள் வீடுகளில் தங்க வைத்து உணவளிக்கிறார்கள். முதல் சில நாட்கள் அந்த நாட்டின் சமூகநல அமைப்பைப் பற்றிய அறிமுகமும் நிறுவனப் பார்வையிடலும், பின்னர் ஓரிடத்தில் களப்பணி இணைப்பும், இறுதியில் மதிப்பீட்டுக் கூட்டமும் என்பதே வழக்கமான அமைப்பு. விமானக் கட்டணம், விசா, காப்பீடு ஆகியவற்றைப் பங்கேற்பவரே ஏற்க வேண்டும்.

இதைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் 1978இல் தொடங்கப்பட்டது. பட்டம் தராத, ஏறத்தாழ பத்து மாத ஏற்பாடு. பணி அனுபவம் நிறைந்தவர்களுக்கானது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் இருந்துவிட்டு முதன்முறையாக வெளியே போக நினைப்பவருக்கு, சில வாரங்களில் முடியும் பரிமாற்றமே பொருத்தமானது என்பது என் கருத்து. பத்து மாதம் விலகியிருந்தால் நம் பகுதியில் நாம் கட்டிய உறவுகளில் பாதி கலைந்துவிடும்.

கேள்வியை முதலில் எழுதுங்கள், நாட்டைப் பிறகு தேடுங்கள்

பலர் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பனி பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு நாட்டையும், உறவினர் இருக்கிறார் என்பதற்காக இன்னொரு நாட்டையும் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி காரணம் தேடுகிறார்கள். நேர்முகத்தில் இது சுலபமாகத் தெரிந்துவிடும். மாறாக, உங்கள் அன்றாட வேலையில் திரும்பத் திரும்ப முட்டி நிற்கும் ஓரிடத்தை எடுத்து, அதை ஒரே வாக்கியத்தில் கேள்வியாக எழுதிப் பாருங்கள். "குழந்தைகள் நலம்", "பெண்கள் மேம்பாடு" என்று எழுதினால் அது தலைப்பு மட்டுமே. "கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பதினாறு வயதுப் பையனை, அவன் எந்த அலுவலகத்துக்கும் வராதபோது, யார் எப்படித் தேடிப் போவது?" என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி கையில் இருந்தால் நாடு தானாகக் கிடைக்கும். பின்லாந்தில் படிப்பிலும் வேலையிலும் இல்லாத 29 வயதுக்குக் குறைந்த இளைஞர்களைத் தேடிச் சென்று சந்திப்பதற்கென்றே பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு இளைஞர் சட்டத்திலேயே இடம் உண்டு. அதே நாட்டில் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் ஒரு சமூகப் பணியாளரின் பொறுப்பில் இருக்கக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கைக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: 2022இல் 35 என்று தொடங்கி, 2024இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. நம் ஊரில் ஒருவர் எத்தனை கோப்புகளைச் சுமக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அந்த வரம்பு அங்கே நடைமுறையில் எப்படி நிற்கிறது, ஆள் பற்றாக்குறை வந்தால் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது, ஏதோ ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

சட்டத்தோடு முரண்படும் சிறார்களுக்காக வேலை செய்பவர் ஸ்காட்லாந்தைப் பற்றி யோசிக்கலாம். அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் 1971இல் தொடங்கிய குழந்தைகள் விசாரணை முறையில், நீதிபதிக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற சாதாரணக் குடிமக்கள் மூவர் உட்கார்ந்து, குழந்தையோடும் குடும்பத்தோடும் பேசி, என்ன உதவி தேவை என்று முடிவெடுக்கிறார்கள். நம்முடைய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அமைத்துள்ள இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்த இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழந்தை உள்ளே நுழையும்போது யார் முதலில் பேசுகிறார்கள் என்பது போன்ற சிறிய விஷயங்களில்கூடக் கேள்விகள் எழும். முதியோருக்கான வேலை என்றால் ஜப்பான் நல்ல தேர்வு. அங்கே 2000இலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. அதற்கும் மிக முன்பே, 1917இல் ஒக்காயாமாவில் தொடங்கிய முறையின் வழிவந்த தன்னார்வ நலத் தொண்டர்கள் இன்றும் வீடு வீடாகச் சென்று தனித்து வாழும் முதியவர்களை விசாரிக்கிறார்கள். திருவொற்றியூரில் பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்ட பின் தனியே இருக்கும் பாட்டிகளுக்காக வேலை செய்பவருக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

எல்லா நாட்டுக் கிளைகளும் எல்லா ஆண்டும் திட்டம் நடத்துவதில்லை. சில நாடுகள் ஆங்கிலத்தோடு தங்கள் மொழியையும் கேட்கின்றன. ஆகையால் கேள்வியை எழுதிய பிறகு, அந்த ஆண்டில் எந்தெந்த நாடுகள் நடத்துகின்றன, எந்த மொழியில், எத்தனை வாரம், விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்ற நான்கையும் பார்த்து, இரண்டு நாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்னதாகவே இருக்கும்.

அலுவலகத்தின் ஒப்புதல்

விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் இயக்குநரிடமோ திட்ட ஒருங்கிணைப்பாளரிடமோ பேசுங்கள். நிதி தரும் அமைப்பு ஆய்வுக்கு வரும் மாதத்திலும், ஆண்டறிக்கை எழுதும் மாதத்திலும் விடுப்பு கிடைப்பது கடினம். யார் உங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்வார், அவசரம் என்றால் மக்கள் யாரை அழைப்பார்கள் என்பதை எழுத்தில் வைத்துவிட்டுக் கேட்டால் ஒப்புதல் சுலபமாகக் கிடைக்கும். சம்பளத்துடனான விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா, பணிநிமித்தப் பயணமா என்பதைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். இதே கடிதம் பின்னர் விசாவுக்கும் தேவைப்படும். திரும்பி வந்து வேலையில் சேருவீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று உங்களிடம் இருக்காது.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இங்கே கூடுதல் படி ஒன்று உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர்களும், அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களும், வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்பதற்கு முன் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும். இலவச உணவும் தங்குமிடமும் இந்தச் சட்டத்தின் பார்வையில் விருந்தோம்பலே. ஆகவே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவதும் இதில் அடங்கும். விண்ணப்பம் எஃப்.சி.-2 என்னும் படிவத்தில் இணையவழியில் செய்யப்பட வேண்டும். அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருப்பவர் இதையும் துறையின் தடையில்லாச் சான்றையும் ஒருசேரத் தொடங்குவது நல்லது. ஒப்பந்த அடிப்படையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் இருப்பவர்கள், தங்களுக்கு இது பொருந்துமா என்று தங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பமும் நேர்முகமும்

சி.ஐ.எஃப். போன்ற திட்டங்களில் விண்ணப்பம் உங்கள் நாட்டுக் கிளை வழியாகவே போகும். கல்விச் சான்று, பணி அனுபவச் சான்று, பரிந்துரைக் கடிதம், மருத்துவ விவரம் ஆகியவற்றோடு உங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றும் கேட்கப்படும். எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்தவர்கள் இந்தக் கட்டுரையில் தங்கள் கல்லூரிக் களப்பணிக் குறிப்பேட்டின் நடையையே தொடர்கிறார்கள்: "சமூக அமைப்பாக்கம் என்னும் முறையைப் பயன்படுத்தினேன்" என்று. படிப்பவருக்கு இதில் ஒரு மனிதர் தென்படுவதில்லை. நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள், யாரைப் பார்க்கிறீர்கள், எது நடக்கவில்லை, அது ஏன் நடக்கவில்லை என்று எழுதுங்கள். முன்பு எழுதிய அந்த ஒற்றைக் கேள்வியைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள்.

கட்டுரையை இரண்டு வகை வாசகர்கள் படிப்பார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். தேர்வுக் குழுவைத் தவிர, உங்களைத் தம் வீட்டில் தங்க வைக்கப்போகும் குடும்பமும் அதைப் படித்துத்தான் முடிவு செய்யும். சைவமா அசைவமா, நாய் பூனை இருக்கும் வீட்டில் இருக்க முடியுமா, ஒவ்வாமை ஏதேனும் உண்டா, குழந்தைகளோடு பழகுவீர்களா என்ற கேள்விகளுக்கு "எதுவானாலும் சரி" என்று எழுதுவது பணிவாகத் தோன்றினாலும், அவர்களுக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை. நாய்க்குப் பயந்தால் பயம் என்றே எழுதுங்கள்.

நேர்முகத்தில் ஆங்கில இலக்கணத்தை யாரும் திருத்தப்போவதில்லை. எண்ணூர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் மெதுவாகவும் தெளிவாகவும் தம் வேலையை விளக்கினால் அதுவே போதும். அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டாம் மொழியே. ஒரு சம்பவத்தை ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லும் பயிற்சியை, ஆங்கிலம் தெரிந்த தோழர் ஒருவரிடம் வாரம் இருமுறை செய்துபாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சமூகப் பணிப் பரிமாற்றம்" என்ற பெயரில் ஐரோப்பாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். உண்மையான பரிமாற்றத் திட்டம் எதுவும் வேலை வாக்குறுதி தருவதில்லை.

பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் விண்ணப்ப முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிவு செய்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, நாள் பெற்றுச் செல்ல வேண்டும். சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் ஆகிய இடங்களில் சேவை மையங்கள் உள்ளன. வடசென்னையிலிருந்து போவதற்கு அமைந்தகரைதான் வசதி. வாரியக் குடியிருப்பிலிருந்து வேறு இடத்துக்கு மாறியவர்களின் ஆதாரில் பழைய முகவரி இருந்தால், காவல் நிலைய விசாரணைக்கு வருபவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவார். முதலில் ஆதார் முகவரியைத் திருத்திவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது. தந்தையின் பெயரையோ ஊர்ப் பெயரையோ முழுமையாக விரித்து எழுத வேண்டும். பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரையும் நிரப்பிவிடுவதே பின்னால் தொல்லையைக் குறைக்கும். குடும்பப் பெயரைக் காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராக மாறி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வரும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் வழியாகப் போகும்போது ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: விண்ணப்பம், அழைப்புக் கடிதம், காப்பீடு, விமானச் சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் வர வேண்டும். அழைப்புக் கடிதம் அனுப்புபவர் உங்கள் பெயரில் எது முதலில் எது பின்னால் என்று குழம்புவார். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை நீங்களே முன்கூட்டி அனுப்பிவிடுங்கள்.

குழந்தைகளோடு தொடர்புள்ள இடத்தில் களப்பணி கேட்டால், காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கப்படலாம். இதையும் பாஸ்போர்ட் சேவா வழியாகவே 500 ரூபாய் கட்டிப் பெறலாம்.

விசா

ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதி நாடுகளுக்குக் குறுகியகால விசா போதும். எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்கலாம். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக் கூடாது. முடிவு பொதுவாக 15 நாளில் வரும். சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். ஸ்காட்லாந்து ஷெங்கனில் சேராது; அதற்குப் பிரிட்டன் விசா தனியே வேண்டும்.

விசா அலுவலகம் தேடுவது ஒன்றுதான்: இவர் திரும்பி வருவாரா? நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், தங்கும் வீடுகளின் விவரம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவது சந்தேகத்தைத்தான் வளர்க்கும். தொண்டு நிறுவனச் சம்பளம் குறைவு என்பது அவர்களுக்கும் தெரியும். உதவித்தொகையோ குடும்பத்தின் உதவியோ இருந்தால் அதை அப்படியே கடிதமாக வைத்தால் போதும்.

அமெரிக்கா என்றால், பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான ஜே-1 விசா. திட்டத்தை நடத்தும் அமைப்பு அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் வந்த பிறகு, செவிஸ் என்னும் அந்நாட்டுப் பதிவேட்டுக்கான 220 டாலர் கட்டணமும் 185 டாலர் விசா கட்டணமும் கட்டி, டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, அண்ணா மேம்பாலத்தின் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்குச் செல்ல வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் விவரமும் கேட்கப்படும். ஜே-1இல் செல்பவருக்கு ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு விதியாகவே உள்ளது.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெருஞ்செலவு விமானச் சீட்டுதான். விசா கிடைத்தபின் கட்டணம் செலுத்தும்படி முன்பதிவு செய்வது நல்லது. கையில் எடுத்துச் செல்லும் வெளிநாட்டு நோட்டுகளுக்கு 3,000 டாலர் என்ற வரம்பு உண்டு. அதில் ஒரு சிறு பகுதி போதும், மற்றதை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பணம் எடுத்தும் நகையை அடகு வைத்தும் போனவர்கள் உண்டு. கடனில் போகும் அளவுக்கு இந்தப் பயணம் அவசரமானது என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டும் திட்டம் இருக்கும்.

வடசென்னையைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்

அங்கே போனபின் ஒரு முறையல்ல, பல முறை உங்கள் ஊரையும் வேலையையும் பற்றிப் பேசச் சொல்வார்கள்: கல்லூரியில், அலுவலகத்தில், விருந்தளிக்கும் வீட்டின் சாப்பாட்டு மேசையில். பெரும்பாலோர் இதற்குத் தயாரிப்பது குடிசைகளும் கூவமும் அழுக்குச் சட்டைக் குழந்தைகளும் நிறைந்த இருபது படங்கள். பார்ப்பவர்கள் இரக்கப்படுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். சக பணியாளராகப் போன நீங்கள் அந்த நிமிடத்திலிருந்து உதவி கேட்டு வந்தவராகிவிடுவீர்கள்.

வேறு மாதிரித் தொடங்கலாம். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதை வழிநடத்தினார்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். அதாவது, உதவி தேடும் மக்கள் வாழும் பகுதி என்பதற்கு முன்பே இது உழைப்பாளர்கள் தங்களை அமைத்துக்கொண்ட பகுதி. இதைச் சொல்லிவிட்டு இன்றைய நிலைக்கு வந்தால், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியும், 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் கசிந்த எண்ணெயைப் பற்றியும் பேசும்போது, படகுகளில் போய் எண்ணெய் அள்ளிய மீனவர்களும், இழப்பீட்டுக்காக நின்ற மீன் விற்கும் பெண்களும் கதையின் மையத்துக்கு வருவார்கள். வியாசர்பாடிச் சிறுவர்களின் கால்பந்தும், மாலைநேரப் படிப்பகமும், சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டும் உங்கள் வேலை எதன்மேல் நிற்கிறது என்பதைக் காட்டும். இவற்றோடு உங்கள் ஒற்றைக் கேள்வியை வைத்து, "உங்கள் ஊரில் இதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று முடியுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

படங்களைப் பற்றி ஒரு கண்டிப்பு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் ஊடகத்தில் வெளிப்படுவதைத் தடுக்கின்றன. கடல் கடந்து போய் மூடிய அறையில்தான் காட்டுகிறோம் என்பது சமாதானம் ஆகாது. அங்கே ஒருவர் கைபேசியில் படம் எடுத்து வெளியிட்டால் முடிந்தது. பெயர், தெரு, பள்ளி மூன்றையும் மாற்றிச் சொல்லுங்கள். முகம் தெரியும் படம் என்றால், வயது வந்தவராக இருந்தாலும் அனுமதி கேட்டு எடுத்ததை மட்டுமே காட்டுங்கள்.

வீட்டிலும் களத்திலும்

விருந்தளிக்கும் வீடு சில வாரங்களுக்கு ஒருமுறை மாறக்கூடும். வட ஐரோப்பாவில் நம்மைப் போலவே செருப்பை வாசலில் விடுகிறார்கள். இரவுச் சாப்பாடு மாலை ஐந்து ஆறு மணிக்கே முடிந்துவிடும். பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். முதல் வாரம் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும். "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்று மூன்று முறை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். பசித்தால் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவுவதில் பங்கெடுங்கள், ஆண்களும்தான். ஒரு நாள் நீங்கள் சமைப்பதாகச் சொல்லி, குழம்புப் பொடியைக் கொண்டுபோங்கள்.

களப்பணியில் உங்கள் இடம் பார்வையாளரின் இடம். உங்களைக் கூட்டிச் செல்லும் பணியாளர், உதவி பெறுபவரிடம் முதலில் அனுமதி கேட்பார். அவர் மறுத்தால் நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டும். நம் தெருவில் ஒரு வீட்டுப் பிரச்சினையைப் பேசும்போது பக்கத்து வீட்டு அக்காவும் எதிர் வீட்டு அண்ணனும் சேர்ந்து உட்கார்வதைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கதவடைப்பு விலகலாகத் தோன்றும். அது அவர்களுடைய முறை. அதன் நன்மையையும், அதனால் அவர்கள் இழக்கும் அக்கம்பக்கத்து ஆதரவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். உரையாடல் அந்த நாட்டு மொழியில் நடக்கும். இடையில் மொழிபெயர்க்கச் சொல்லித் தொந்தரவு செய்யாமல், யார் எங்கே உட்கார்கிறார், மௌனத்தை யார் கலைக்கிறார், கோப்பு எப்போது திறக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கேளுங்கள். அன்றிரவே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் பாதிதான் நினைவில் இருக்கும்.

அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற எண்ணம் முதல் வாரத்தில் வரும். இரண்டாம் வாரத்தில் அவர்களும் ஆள் பற்றாக்குறையையும் நிதிக் குறைப்பையும் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். உண்மையான பரிமாற்றம் நிகழ்வது அப்போதுதான்.

விமானத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்வரை மெட்ரோ நேராகப் போனாலும், பன்னாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. கடைசி வண்டியைப் பிடித்து முன்னதாகவே போய்க் காத்திருக்கலாம். பெட்டி கனமாக இருந்தால் யாராவது கார் ஏற்பாடு செய்யட்டும்.

திரும்பிய பிறகு

ஒரு மாதத்துக்குள் அறிக்கையை எழுதி அனுப்புங்கள். நிறுவனத்தில் ஒரு மதியம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பார்த்ததை அப்படியே இங்கே நட முடியாது. ஒரு பணியாளருக்கு 30 குழந்தைகள் என்ற வரம்பை நம் நிறுவனம் நாளைக்கே ஏற்காது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் எத்தனை கோப்பு இருக்கிறது என்று மாதந்தோறும் எண்ணி எழுதத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பரிமாற்றம் என்பதால் உங்கள் முறையும் வரும். வெளிநாட்டுப் பணியாளர் ஒருவரைத் தங்க வைக்கும்படி கிளை உங்களைக் கேட்கும்போது, வீடு சிறியது, தண்ணீர் லாரியை நம்பி இருக்கிறோம் என்று தயங்க வேண்டாம்; தனி அறையோ மின்விசிறிக்கு அடியில் ஒரு கட்டிலோ இருந்து, கழிவறை சுத்தமாக இருந்தால் போதும். அவரை ஒரு நாளைக்கு ஐந்து நிறுவனங்கள் என்று வண்டியில் சுற்ற வைக்காமல், ஒரே பணியாளரோடு ஒரு வாரம் நடக்க விடுங்கள். காசிமேட்டு ஏலத்துக்கு விடியற்காலையில் கூட்டிப்போனால், கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் மீன்காரப் பெண்களிடம் பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. அதற்கான கணக்கை அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, அவருடைய பாஸ்போர்ட், விசா நகல்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.